மால்ல எல்லாம் இருக்குது, உட்கார ஒரு இடத்தைத் தவிர

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து நண்பர் கேட்டிருக்கிறார்: "மாப்ள, தங்கச்சி கல்யாண ஜவுளிய இந்தத் தடவ கோயமுத்தூர் மால்லயே எடுத்தறலாமா? ஏசி இருக்குது, கார் நிறுத்த எடம் இருக்குது. அப்புச்சி, அமுச்சி எல்லாம் வாரேங்கறாங்க." அப்புச்சி, அமுச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தா, பாட்டி. ஒரே வரியில் பதில் சொல்லலாம்தான். அது கோபத்தில் வந்து விழும் என்பதால் கொஞ்சம் விரிவாக. எந்த மால் என்று பெயர் வேண்டாம். கோவைக்கு மால் வந்து 15 வருசத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை மாடி, எத்தனை ஸ்கிரீன், எந்தெந்த பிராண்டு என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஒப்பிக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், போகப் போக மறந்துவிடும். கழிப்பறை. கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்காரத் தெருவிலும் அரை நாள் துணி எடுத்த பெண்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் விழுகிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை உண்டு. போட்டுப் பார்க்கும் அறையில் ஆளுயரக் கண்ணாடி, மாட்ட நாலு கொக்கி. விற்பனையாளர் முதுகுக்குப் பின்னாலேயே வருவதில்லை. பேரம் இல்லாததால் ஏமாந்துவிட்டோமோ என்ற வெசனமும் இல்லை. இத்தனைக்கும் சேர்த்து மனதார நாலு மார்க் போடலாம்.

இனி உட்காரும் விசயம்.

ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடையில் நாம் உட்காருவோம், துணி நம்மிடம் வரும். கீழே மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளச் சுவர். பத்துப் பதினஞ்சு ஒறம்பரையோடு, அதாவது சொந்தக்காரர்களோடு, போனாலும் பெரியவர்களை ஓர் ஓரமாக உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே "அந்த அரக்கு வேண்டாங் கண்ணு, பக்கத்துல இருக்கற மாம்பழக் கலரப் பிரிச்சுக் காட்டச் சொல்லு" என்று வேலை வாங்குவார்கள். மாலில் இது தலைகீழ். துணி தொங்கிக்கொண்டு நிற்கும். நாம்தான் அதைத் தேடி நடக்க வேண்டும். 20 வயதுக்கு இது பொழுதுபோக்கு. முழங்கால் தேய்ந்த 70 வயதுக்கு அப்படியா?

தரைத்தள நடுக்கூடத்தில் முன்பெல்லாம் மர பெஞ்சு கிடந்தது. இப்போது அங்கே ஒரு புதுக் கார் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் வீட்டுமனை விற்கும் மேசை, கிரெடிட் கார்டு மேசை, குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் பேட்டரி ரயில். காரணம் வெளிப்படையானது. நடுக்கூடத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை வரும். பெஞ்சுக்கு யார் வாடகை தருவார்? செடித்தொட்டி விளிம்பில் சித்த நேரம் உட்காரலாம் என்று போனால் உடைகல்லை முனை மேலே நிற்கும்படி பதித்து வைத்திருக்கிறார்கள். யாரோ யோசித்து, அளவெடுத்து, காசு செலவழித்துச் செய்த வேலை அது. படிக்கட்டில் உட்கார்ந்தால் சீருடைக்காரர் வந்து "இங்க உக்காரக் கூடாதுங்" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். பாவம், அவரும் காலையில் இருந்து நிற்கிற ஆள்.

அவருக்காவது சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். ஆனால் கடைக்குள் நுழைந்து பாருங்கள், பில் போடும் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தால் அதிகம். வாங்க வருகிறவர் உட்காருவதைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒன்றும் இல்லை.

மேல்மாடியில் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறதே என்பீர்கள். நாற்காலி நூறு இருக்கும், தட்டு இருக்கிறவருக்குத்தான் அங்கே மரியாதை. முதலில் கார்டு வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும், மீதியைத் திரும்ப வாங்க வேறு வரிசை. கையில் தட்டு இல்லாமல் உட்கார்ந்தால் துடைக்கிற துணியோடு ஒருவர் மூன்று தடவை வந்து மேசையைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் 1-ல் இருந்து 3 வரை தட்டு இருந்தாலும் இடம் கிடையாது.

எஸ்கலேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறுவது சுலபம், ஒன்று முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கும். இறங்க வேண்டுமானால் தளத்தின் அடுத்த கோடிக்கு நடக்க வேண்டும். கடை வாசல்களை நாம் கடந்தே ஆக வேண்டும் என்பதற்காகப் போட்ட வரைபடம். வேட்டி, சேலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஓடும் படிக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. சேலைக் கரையும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் சிக்குவது அங்கேதான். இரண்டு ஓரத்திலும் கருப்பாக நீளும் பிரஷ், ஷூ துடைக்க வைத்ததல்ல. "காலை ஓரத்துக்குக் கொண்டு வராதே" என்று சொல்ல வைத்தது. அதில் ஷூவைத் தேய்த்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். படியில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். கொசுவத்தையும் முந்தானையையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஏறினால் நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள். இறங்கும்போதும் அவருக்குக் கீழ்ப்படியில்தான் உங்கள் இடம். மேலேயும் கீழேயும் முனையில் சிவப்புப் பொத்தான் இருக்கும். எதாவது சிக்கினால் இழுத்துப் பார்க்காமல் முதலில் அதை அமுக்கச் சொல்லிக் கத்துங்கள்.

லிப்ட் இருக்கிறது, ஆனால் ஞாயிறு மாலை அது அடித்தள பார்க்கிங்கிலேயே நிறைந்துவிடும். தரைத்தளத்தில் கதவு திறக்கும், உள்ளே பத்து முகம் நம்மைப் பார்க்கும், கதவு மூடும். இதற்கு ஒரே வழி, கீழே போகிற லிப்டிலேயே ஏறி உள்ளே நின்றுகொள்வது. பார்க்கிங் வரை போய் அப்படியே மேலே வரலாம்.

பார்க்கிங்கில் நண்பர் எதிர்பார்க்கிற சுகம் உள்ளே போகும்போது மட்டும்தான். வெளியே வரும் கணக்கைப் பாருங்கள்: ஒரு காருக்குச் சீட்டு வாங்கி, காசு வாங்கி, கட்டையைத் தூக்க 20 நொடி என்று வைத்தாலும், ஒரு வழியில் மணிக்கு 180 கார்தான். படம் விட்டதும் 150 கார் ஒரே நேரத்தில் கிளம்பினால் கடைசி ஆளுக்கு 50 நிமிடம், அதுவும் சரிவில் கிளட்சை மிதித்தபடி. பாதிப் பேர் கட்டை முன்னால் வந்த பிறகுதான் யுபிஐ திறப்பார்கள். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே கட்டணம் கட்டும் இடம் இருந்தால் அங்கேயே கட்டிவிட்டு இறங்குங்கள், ஆனால் அதற்குப் பிறகு வெளியேற எத்தனை நிமிடம் தருகிறார்கள் என்று சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் தாண்டினால் மறுபடி காசு. நிறுத்தியதும் தூண் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பி1, பி2 என்ற இரண்டு அடித்தளங்களுக்கும் சுவரின் நிறத்தைத் தவிர வித்தியாசம் இல்லை.

துணிக்கு வருவோம். சட்டை, பேன்ட், உள்ளாடை, டி-ஷர்ட் எடுக்க மால் நல்ல இடம். தங்கச்சி பட்டுக்கு வேண்டாம். கடை விளக்கில் கருநீலமும் கருப்பும் ஒன்று போலத் தெரியும், அரக்கு பழுப்பாகும். எடுத்ததைக் கடை ஆளிடம் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பகல் வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் பில் போடக் கூடாது. ராத்திரி 7 மணிக்குப் போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

டி-ஷர்ட்டில் நம்ம பக்கத்து ஆட்களை ஏமாற்ற முடியாது என்றுதான் நினைப்போம். 50 கிலோமீட்டரில் திருப்பூர் இருக்கிறது, வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனியில் கால் வைத்திருப்பார். ஆனாலும் மால் வெளிச்சத்தில் எல்லோரும் கை தடுமாறுகிறோம். தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். முன்பக்கம் திரும்பி வந்தால் துணி முறுக்கு வாங்கியிருக்கிறது, துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். சாதாரண டி-ஷர்ட்டுக்கு 160-ல் இருந்து 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) போதும். விலை கூடக் கொடுத்தும் உள்ளங்கை நிழல் தெரிகிற துணியை வாங்காதீர்கள். கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றித் தைத்த பட்டியை, இரண்டு விரலால் இழுத்து விடுங்கள், உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். இதே பரிசோதனையில் தேறுகிற துணி திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருந்தால் மனசுக்கு நல்லது.

தைத்த உடைக்கு 2025 செப்டம்பர் 22-ல் இருந்து ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2,500-ஐ ஒட்டி விலை இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். எம்ஆர்பி என்றாலே வரி உள்ளே அடங்கியது. தள்ளுபடி போக வந்த விலைக்கு மேல் "வரி தனி" என்று போட்டால் அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்றால் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023-லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. பைக்குத் தனிக் காசு கேட்பார்கள். வீட்டில் இருந்து மஞ்சப்பை கொண்டு போனால் வாசலில் வாயைக் கட்டி முத்திரை போட்டுத் தருவார்கள், சிரமம் ஒன்றும் இல்லை. பில்லை உடனே படம் எடுத்து வையுங்கள்; அந்த வழவழப்புக் காகிதத்தில் எழுத்து காரின் முன்கண்ணாடி வெயிலிலேயே அழிந்துவிடும். "மாற்றித் தரப்படாது" என்று பலகை மாட்டியிருந்தாலும், துணியில் குறை இருந்தால் அந்தப் பலகை செல்லாது. அளவு சரியில்லை, மனசு மாறிவிட்டது என்றால் மட்டும் அவர்கள் விதி. வாதம் முற்றினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பேன்ட் நீளம் குறைக்கப் பல கடைகளில் காசு வாங்குவதில்லை. ஆனால் தையல்காரர் வேறு இடத்தில் இருப்பார், இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு பார்க்கிங் கட்டணமும் பெட்ரோலும் ஆகும். கோபிக்காரருக்கு இது கட்டுப்படியாகாது. ஊரில் கொடுத்து, செருப்புப் போட்டு நின்று அளவு வைத்து, உள்ளே ஒன்றரை அங்குலம் மடிப்பு விடச் சொல்லித் தைத்துக்கொள்வதே மேல்.

அப்புச்சியைக் கூட்டி வந்தே தீர வேண்டும் என்றால் செவ்வாய், புதன், காலை 11 மணிக்கு வாருங்கள். தரைத்தள உதவி மேசையில் அடையாள அட்டை கொடுத்தால் சக்கர நாற்காலி தருவார்கள், காசு கிடையாது. உட்கார ஒரு பெஞ்சு போட மனசில்லாத இடத்தில் சக்கரம் வைத்த நாற்காலி நாலு இருக்கிறது. கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். "நடக்க முடியாதவன்னு நெனச்சுப் போடுவாங்க" என்பார். நல்லா நடக்கிறவர்தான், நடுநடுவே பத்து நிமிசம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மேலே சொன்ன நாலு மார்க்கை இப்போது இரண்டாகக் குறைக்கிறேன். கழிப்பறை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. கல்யாணப் பட்டுக்கும் ஒறம்பரைக்கு வைக்கிற துணிக்கும் ஒப்பணக்காரத் தெருவுக்கே போங்கள். மாப்பிள்ளைக்கும் பசங்களுக்கும் சட்டை பேன்ட் மட்டும் இங்கே, ஒண்ணரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கும் அப்புச்சி வருவேன் என்றால் நேராகச் செருப்புக் கடைக்குக் கூட்டிப் போங்கள். மால் முழுக்கக் காசு கொடுக்காமல் உட்கார நாற்காலி போட்டிருப்பது அங்கே மட்டும்தான், போட்டுப் பார்க்க வேண்டுமே. 9-ம் நம்பர் கேட்டால் உள்ளே தேடி எடுத்து வரப் பத்து நிமிசம் ஆகும்.