வாசம் அருமை, ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீட்டுப் பக்கத்துக் கடையில் ஹேண்ட்வாஷ் ரீஃபில் பாக்கெட் ஒன்று வாங்கினேன். எலுமிச்சை வாசம், நுரை நன்றாக வருகிறது, கை வறண்டு போவதில்லை, பூண்டு உரித்த வாடைகூட ஒரே கழுவலில் போய்விட்டது. நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் பாட்டிலில் ஊற்றும்போது பின்பக்கம் கண்ணில் பட்டது, ஓரத்து மடிப்பில் பாதி மறைந்து, போன் கேமராவில் பெரிதாக்கினால்தான் தெரிகிற எழுத்தில் 'ட்ரைக்ளோசான்', கிருமிகளைக் கொல்லச் சேர்க்கிற ரசாயனம்.

எனக்கு நன்றாகப் பழகிய பெயர். எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் இதைத்தான் ஹெப்ஜி2 செல்களில் போட்டுப் பார்த்தோம். 1970-களில் ஒரு சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை ஆய்வகங்களில் வளர்த்துவரும் செல்கள் அவை. எம்.டி.டி. என்கிற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும். 96 குழித் தட்டில் ட்ரைக்ளோசான் அளவு ஏற ஏற ஊதா வெளுத்துக்கொண்டே போய், கடைசி வரிசை மஞ்சளாகவே நின்றுவிட்டது, அதாவது அங்கே செல்கள் செத்துவிட்டன. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்கிற வேலையையே இது குலைக்கிறது.

அதற்காக இதில் கை கழுவினால் கல்லீரல் போய்விடும் என்று சொல்லவில்லை. தட்டில் செல்கள் நாள் முழுக்க அதில் ஊறிக் கிடந்தன, நம் கையிலோ அரை நிமிடம்தான். உள்ளே போகிற கொஞ்சத்தையும் கல்லீரல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும், ஹெப்ஜி2-வில் அப்படி மாற்றுகிற நொதிகள் குறைவு. ஆனால் உள்ளே போகத்தான் செய்கிறது: அமெரிக்காவில் 2003-04-இல் பரிசோதித்தவர்களில் நான்கில் மூன்று பேரின் சிறுநீரில் ட்ரைக்ளோசான் இருந்தது. 2014-இல் வந்த சான் டியாகோ ஆய்வில், புற்றுநோய் தூண்டும் வேறொரு ரசாயனம் கொடுத்திருந்த எலிகளுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது கல்லீரல் கட்டிகள் கூடுதலாகவும் பெரிதாகவும் வளர்ந்தன.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இதனால் கூடுதலாக ஒரு பயனும் நிரூபிக்கப்படவில்லை. நீண்ட நாள் தினமும் பயன்படுத்தினால் பாதுகாப்பானது, சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட மேலானது என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை என்றுதான் 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வீட்டு உபயோக ஹேண்ட்வாஷ்களில் ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைத் தடை செய்தது. பிறகு எதற்கு, கழுவிய கையை உடனே வாயில் வைக்கிற என் நான்கு வயது மகளுக்கு இதைக் கொடுக்க வேண்டும்?

நுரைக்கும் வாசத்துக்கும் இரண்டு நட்சத்திரம். ட்ரைக்ளோசான் இல்லாமல் வந்தால் இதையே திரும்ப வாங்குவேன். இப்போதைக்கு வாஷ்பேசினில் சாதாரண சோப்புக்கட்டிதான் இருக்கிறது.