ஒரே ராத்திரியிலா, கட்டம் கட்டமாகவா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. விலை பேசி முடித்ததும் முதலாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏப்ரல் ஒண்ணாந்தேதி எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடலாமா, இல்ல ஒவ்வொரு டிபார்ட்மெண்டா போகலாமா?" எந்த மென்பொருள் வாங்குவது என்று மாதக்கணக்கில் அலசியவர்கள்கூட இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. கம்பெனியின் அடுத்த ஆறு மாதத் தூக்கம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இரண்டு வழியையும் ஒரே சரக்கில் வைத்துப் பார்க்க நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் கிடைக்கிறது: இ-வே பில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு லாரி ஏறும் முன் எடுக்க வேண்டிய சீட்டு. 2018 பிப்ரவரி 1 அன்று, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு நாடு முழுவதும் அது கட்டாயமானது. சில மாநிலங்கள் உள்ளூர் சரக்கையும் அன்றே சேர்த்துக்கொண்டன. அன்றைக்கே சீட்டு எடுக்கும் இணையதளம் படுத்துவிட்டது. லோடு ஏற்றிய லாரிகள் சீட்டுக்காக நிற்க, அன்று மாலையே அரசு கட்டாயத்தைத் தள்ளி வைத்தது.

இரண்டாவது முறை வேறு மாதிரி வந்தார்கள். ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்கு மட்டும். உள்ளூர் சரக்குக்குக் கர்நாடகம் ஒன்றுதான் அன்றே இறங்கியது. ஏப்ரல் 15 அன்று ஆந்திரா, தெலங்கானா, கேரளா, குஜராத், உத்தரப் பிரதேசம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, தமிழ்நாட்டின் முறை ஜூன் 2. கட்டிய அமைப்பு அதே தேசியத் தகவலியல் மையம்தான், சட்டமும் அதேதான். நடுவில் இரண்டு மாதத்தில் தளத்தையும் பலப்படுத்தினார்கள், அது உண்மை. ஆனாலும் ஏற்றிய பாரம் படிப்படியாக ஏறியதால்தான் வண்டி படுக்காமல் ஓடியது என்பது என் கணிப்பு. ஜூனில் எங்கள் ஊருக்கு வந்தபோது, மற்ற மாநிலங்கள் பட்ட அடியிலிருந்து பாதிப் பாடத்தை நாங்கள் ஓசியில் படித்திருந்தோம்.

பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின்விலைப்பட்டியலில் (இ-இன்வாய்ஸ்) அரசு இதையே இன்னும் நிதானமாகச் செய்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், அடுத்த ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50. 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10, கடைசியாக 2023 ஆகஸ்டில் 5 கோடி. பெரியவர்கள் முதலில் இறங்கி ஆழம் பார்த்துவிட்டார்கள். சின்னக் கம்பெனிகளுக்கு வரும்போது டேலி மென்பொருளில் கணக்குப் போடும் பையனுக்கே அது பழகிப்போயிருந்தது.

சரி, கம்பெனிக்குள் வருவோம். நான் வேலை பார்த்த இரண்டு இடங்கள். இரண்டிலும் சிக்கல் ஒன்றேதான்: சாயப்பட்டறைக்குப் போன துணி. நூறு கிலோ போனால் நூறு கிலோ திரும்பாது, எடையில் கொஞ்சம் கழியும். கழிவு எவ்வளவு என்பது துணியைப் பொறுத்தது. ஸ்டோர்காரர் அதைத் திரும்பி வந்த எடையிலேயே தன் நோட்டில் சரிக்கட்டி எழுதிவிடுவார். புது மென்பொருளோ அனுப்பிய எடையை வைத்துக்கொண்டு மீதியைக் கழிவுக் கணக்கில் தனியாகக் கேட்கும்.

முதல் கம்பெனி ஒரே ராத்திரியில் மாறியது. நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் இருப்பில் துணி இருக்கிறது என்று திரை சொல்ல, கட்டிங் டேபிள் காலியாகக் கிடந்தது. எது சரி, எது தப்பு என்று சொல்ல இரண்டாவது கணக்கு இல்லை. ரோல் ரோலாக எடை போட்டு இருப்பெடுக்க நான்கு நாள் ஆனது.

இரண்டாவது கம்பெனியில் நோட்டும் திரையும் சேர்ந்தே ஓடின. முதல் சனிக்கிழமையே இரண்டுக்கும் கணக்கு இடித்தது. ஸ்டோர் அண்ணன் சிவப்பு மையில் எழுதிய ஓரக்குறிப்பைக் காட்டி, "இது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா தம்பி?" என்றார். தெரியாது. அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

இதைக் கேட்டால் கட்டம் கட்டமாகப் போவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். பெரும்பாலும் நான் சொல்வதும் அதைத்தான். ஆனால் அதன் செலவை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. ஒரே பதிவை இரண்டு தடவை எழுதுகிற ஆள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலும் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது மாதத்தில் அலுத்துப்போய், நோட்டைப் பார்த்துத் திரையில் அப்படியே காப்பி அடிப்பார். அப்புறம் இரண்டும் கட்டாயம் பொருந்தும், பிரயோஜனம் இருக்காது. தற்காலிகமாக வைத்தது நிரந்தரமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி 2017இல் இடைக்கால ஏற்பாடாக வந்ததுதான். மாதா மாதம் அதைத் தாக்கல் செய்கிறவர்களிடம் இடைக்காலம் என்றால் சிரிப்பார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வருஷக்கணக்கில் நிற்கும் கம்பெனிகளை எனக்குத் தெரியும்.

சில வேலைகளைப் பிரித்துச் செய்யவே முடியாது என்பதும் உண்டு. 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. விடியற்காலை 4:50க்கு வண்டிகள் நின்று, பக்கம் மாறி, 5 மணிக்கு மறுபடி கிளம்பின. இந்த வாரம் பஸ், அடுத்த வாரம் கார் என்று இதைச் செய்ய முடியுமா? ஆனால் நாடாளுமன்றம் முடிவெடுத்தது 1963இல். பத்து நிமிஷ மாற்றத்துக்கு நான்கு வருஷத் தயாரிப்பு. நம் முதலாளிகள் பத்து நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பணம் இருந்தால் தயாரிப்பு தானாக வந்துவிடும் என்றும் இல்லை. பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கிக்கு அப்போது 52 லட்சம் வாடிக்கையாளர்கள். 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில், பெரும்பாலும் ஒரே வீச்சில், புதுத் தளத்துக்கு மாறியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. இயல்பு நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆனது. 2022இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

இப்போது ஏஐ வந்து நிற்கிறது. சப்ளையர் பில்லைப் படம் பிடித்தால் தானே படித்துப் பதிவு போடும் என்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு மனசே இல்லை. கொஞ்ச நாள் அது பக்கத்தில் உட்கார்ந்து பதிவைச் சொல்லட்டும், போடுவது மனுஷனாக இருக்கட்டும். பழைய மென்பொருள் தப்புச் செய்தால் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும், பிடித்துவிடலாம். இது ஒவ்வொரு தடவையும் புதுசாகத் தப்புச் செய்யும், அதுவும் ரொம்ப நம்பிக்கையாக.

ஆகவே யார் கேட்டாலும் கட்டம் கட்டமாகத்தான் என்பேன், ஒரு நிபந்தனையோடு. பழைய நோட்டை மூடும் தேதியை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். ஸ்டோருக்கு ஆறு வாரம், அடுத்து கட்டிங், அப்புறம் பேக்கிங். தீபாவளி போனஸ் நேரத்தில் எதுவும் கிடையாது.

இரண்டாவது கம்பெனியிலும் அப்படித்தான் செய்தோம். குறித்த சனிக்கிழமை ஸ்டோர் அண்ணன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டார், பீரோவில் வைத்துப் பூட்டினோம். போன மாதம் வேறு வேலையாக அங்கே போனபோது கவனித்தேன். சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி, பக்கத்தில் சிவப்புப் பேனா. நான் ஒன்றும் கேட்கவில்லை.