இலவச மின்சாரமா, சோலார் பம்ப்செட்டா?

தமிழ்நாட்டில் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். பில் தொல்லை இல்லை. ஆனால் புது இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகும், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் டார்ச்சோடு மோட்டார் போடப் போவதுண்டு.

2019-ல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில் சோலார் பம்ப்செட்டுக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் மானியம் தருகின்றன. மீதி நம் கைக்காசு. வெயில் இருந்தால் பகலிலேயே பாய்ச்சிவிடலாம். ஐப்பசி மூட்டத்தில் தண்ணீர் நூலாகத்தான் வரும். மத்திய மானியக் கணக்கு 7.5 எச்பி மோட்டார் வரைதான்; அதைவிடப் பெரிய மோட்டார் தேவைப்படும் ஆயிரம் அடி போர்வெல்காரர்களுக்கு இது இடிக்கும்.

இணைப்பு ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடாதீர்கள். வரிசையில் நிற்பவர், கிணறும் ஆழமில்லை என்றால், சோலாருக்கே போகலாம்.