"பெரிய வீட்டு வண்டி" என்று சொல்லி விற்கப்படும் ராஜ்தூத் 350: காரைக்குடிப் பக்கம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் ஒன்று "பெரிய வீட்டு வண்டி, ஒரே கை, முப்பது வருஷமா உள்ளேயே நின்னது" என்ற பேச்சோடு விலைக்கு வந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு வண்டியை இரண்டே முக்கால் லட்சம் கொடுத்து வாங்கினேன். சேசிஸ் நம்பர் தேய்த்து மறுபடி அடித்தது. இன்ஜின் அவர்கள் சொன்ன இன்ஜின் இல்லை. படத்தில் இருந்த வீட்டுக்கும் வண்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. அவர் விற்கும் முறையை மட்டும் முழுசாக எழுதுகிறேன்.

இந்த வண்டி மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. யமஹா ஆர்டி 350 ஜப்பானில் 1973-ல் வந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர், 39 குதிரைத்திறன். எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் அதை ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊர் பெட்ரோலுக்கும் மைலேஜ் கேட்கும் மனசுக்கும் ஏற்றபடி சக்தியைக் குறைத்தார்கள். முதலில் வந்த 'ஹெச்டி' (ஹை டார்க்) 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த 'எல்டி' (லோ டார்க்) 27. அப்படிக் குறைத்தும், அந்தக் காலத்தில் இந்தியச் சாலையில் அதைப் பிடிக்க வேறு வண்டி கிடையாது. 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். அதற்கே இன்றைக்கு ஊர் ஊராகத் தேடி அலைகிறார்கள் என்றால், இதன் மவுசைச் சொல்லவே வேண்டாம்.

இது டூ ஸ்ட்ரோக் வண்டி. நான்கு ஸ்ட்ரோக் போல ஹெட்டில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் ஒருமுறை வெடிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால்தான் சின்ன இன்ஜினிலிருந்து அவ்வளவு பிக்கப். ஆர்டியில் பாதி ஆர்பிஎம் வரை சாதுவாக இருக்கும். அதற்கு மேல் சைலன்சருக்குள் திரும்பி வரும் அழுத்த அலை வேலை செய்யத் தொடங்கியதும் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாயும். அந்த ஒரு கணத்துக்காகவே இதை வாங்குகிறோம். அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்த ஆசையை வைத்து ஏமாற்றுபவர்கள் மேல்தான் என் கோபம்.

நம் பகுதியில் ஏமாற்றுவதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்காதவர்கள் குறைவு. இடிந்த வீட்டுத் தூண், கதவு நிலை, எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லாம் நியாயமாக விற்பனைக்கு வரும் ஊர் இது. பர்மா, மலாயா போன குடும்பங்களின் வீட்டுக்குள் பழைய கார், பழைய மோட்டார் சைக்கிள் பூட்டிக் கிடப்பதும் உண்மை. ஆகவே "இன்ன வீட்டு முகப்பிலிருந்து இறக்கிய வண்டி" என்று ஒருவர் சொன்னால், நம் ஊர்க்காரர்களுக்கு அது நம்பக்கூடிய சேதிதான்.

எனக்கு வந்த படங்களில் வண்டி ஒரு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்றது. கீழே ஆத்தங்குடிக் கல், பின்னால் பர்மா தேக்குத் தூண், ஓரத்தில் ஒரு பித்தளை அண்டா. பெட்ரோல் டேங்கில் தூசி படிந்திருந்தது. மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய பதிவு எண். "வீட்டுல போய்ப் பாக்கலாமாண்ணே" என்று கேட்டதற்கு, "பங்காளிக எல்லாரும் சேந்தாத்தான் தம்பி தொறப்பாக, வண்டிய எங்க குடோனுக்கு எறக்கிட்டோம்" என்றார். செட்டிநாட்டு வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவாக இருப்பதும், விசேஷத்துக்கு மட்டும் திறப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆர்சி புத்தகத்தில் வேறு பெயர் இருந்தது. "ஐயா அப்ப சிங்கப்பூர்ல இருந்தாக. கணக்குப்பிள்ளை பேர்லதான் பதிஞ்சது" என்று அதற்கும் பதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களும் கைக்கு வந்தன. பதிவு எண்ணை வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தேன். மாடல், ஆண்டு, ஆர்சிக் காலம் எல்லாம் சரியாகவே காட்டியது. காட்டத்தான் செய்யும். ஏனென்றால் ஆர்சி அசல். அது வேறொரு வண்டியின் ஆர்சி என்பதுதான் விஷயம்.

குடோனுக்குப் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஒரே கிக்கில் பிடித்தது. வெள்ளைப் புகை நிறைய வந்தது. உடனிருந்த மெக்கானிக், "டூட்டி ஆயில் கொஞ்சம் தூக்கலா விட்டிருக்கோம், ரொம்ப நாள் நின்ன வண்டில்ல" என்றார். டூட்டி ஆயில் என்பது பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். பிறகு தெரிந்தது, அந்த மெக்கானிக்கும் விற்பனையில் பங்காளி.

வாங்கிய கொஞ்ச நாளில் புதுக்கோட்டை ரோட்டில் திருமயம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது இடது சிலிண்டர் சீஸ் ஆனது. சீஸ் என்றால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும், பின்சக்கரம் அப்படியே லாக் ஆகிவிடும். கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. இந்த வண்டியில் முன்பக்கமும் டிரம் பிரேக்தான். வெளிநாட்டு ஆர்டியில் இருந்த டிஸ்க் இங்கே கொடுக்கப்படவில்லை. 150 கிலோ எடையை வேகத்தில் நிறுத்த அந்த டிரம் போதாது என்பதை எல்லா ஆர்டிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். பின்சக்கரமும் லாக் ஆனால் என்ன மிஞ்சும்? விற்றவர் பறித்தது பணத்தை மட்டும் இல்லை, உயிரையும் பணயம் வைத்திருக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான்.

டாடா ஏஸில் ஏற்றி, மதுரையில் ஆர்டி வேலையில் ஊறிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் '100' என்ற எண் தெரிந்தது. ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 64 மில்லிமீட்டர். அதிலிருந்து ஒரு முழு மில்லிமீட்டர் பெரிதாக்கியாகிவிட்டது என்பது அதற்கு அர்த்தம். கம்பெனி கொடுத்த ஓவர்சைஸில் கடைசிப் படி அது. "போரே போடாத இன்ஜின்" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பேரலை (சிலிண்டரை) தூக்கிப் போர்ட்டை, அதாவது அதன் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் வழியை, அளந்தபோது அது எல்டி பேரல் என்பதும் தெரிந்தது. ஹெச்டி என்று சொல்லித்தான் விலை பேசியிருந்தார்கள். மேலே ஹெச்டி சைலன்சரை மாட்டி வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சீஸுக்குக் காரணம் கிராங்க் ஆயில் சீல். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும், ஏனென்றால் "ஓடாமல் நின்ற வண்டி" என்ற பேச்சின் அடிப்படையே இங்கேதான் ஆடுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய் அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே ஏறும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். இரண்டு பக்க சீலும் ரப்பர். வருஷக்கணக்கில் நின்றால் காய்ந்து இறுகிவிடும். இடது பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். வலது பக்கம் கிளட்ச் இருப்பதால் அந்த சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். குடோனில் வந்த வெள்ளைப் புகை அதுதான். அப்புறம் கிராங்க் பேரிங்குக்குத் தனியாக ஆயில் கிடையாது. கலவையோடு வரும் டூட்டி ஆயில் மட்டுமே. வண்டி ஓடாமல் நின்றால் அந்த எண்ணெய்ப் படலமும் வடிந்து, ஈரம் பட்டுத் துரு ஏறும். ஆகவே டூ ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை முப்பது வருஷம் நின்ற வண்டியைவிட மாதம் நாலு முறையாவது ஓடிய வண்டி பல மடங்கு மேல். நின்றதைப் பெருமையாகச் சொல்லி யாராவது விலை ஏற்றினால், கிராங்க் வேலைக்கு ஆகும் செலவை அந்த விலையில் கழித்துப் பேசுங்கள்.

நம்பர் விஷயத்தையும் கண்டுபிடித்தது அந்தப் பெரியவர்தான். ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துக் குழாயில் சேசிஸ் நம்பர் இருக்கும். அங்கே பெயின்ட் தடிப்பாக இருந்ததைப் பார்த்துத் தின்னர் போட்டுத் துடைத்தார். கிரைண்டர் தேய்த்த கோடுகள் தெரிந்தன. எழுத்துகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தன. வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டினோம். அவர் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, இது கம்பெனி அடித்த நம்பர் இல்லை, இதற்குப் பெயர் மாற்றம் செய்ய முடியாது, போலீஸில் புகார் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆர்சியில் இருந்தவரைத் தேடிப் பிடித்தோம். அவர் யாருக்கும் கணக்குப்பிள்ளை இல்லை. தன் வண்டியை எப்போதோ உடைத்து எடைக்குப் போட்டவர். படிவத்தில் இருந்த கையெழுத்து தன்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக வீடு. படத்தில் இருந்த கல்லின் பூ வேலையையும் தூணையும் பார்த்து, கானாடுகாத்தான் பக்கத்து நண்பர் ஒருவர் அடையாளம் சொன்னார். அங்கே இருந்த ஆச்சியிடம் படத்தைக் காட்டினேன். "இது எங்க வீட்டு வண்டி இல்லையப்பா. போட்டோ எடுக்கணும்னு ரெண்டு பேரு வந்தாக, அவுகளே வேன்ல கொண்டாந்து நிறுத்துனாக. படப்பிடிப்புக்கு வாடகை குடுத்துட்டுப் போவாகள்ல, அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். தன் வீட்டுப் பெயரைச் சொல்லித் திருட்டு வண்டி விற்றார்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு வந்த வருத்தம் என்னுடையதைவிடப் பெரிது. சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றார். அதே வளவில் ஒரு ஆர்எக்ஸ் 100-ஐயும் நிறுத்திப் படம் எடுத்தார்களாம். அந்த வண்டியும் யாரிடமாவது போயிருக்கும். இந்தப் பதிவு எழுத அதுவே முக்கியக் காரணம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் படத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு நேரே கழுத்துக் குழாய்க்குப் போங்கள். பெயின்டைத் துடைக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்டிஓ ஆபீஸில் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வண்டி எந்த வீட்டுடையது என்று சொல்கிறார்களோ அந்த வீட்டு ஆளிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்தாலும் வாட்ஸ்அப் இருக்கிறது. ஆர்சியில் உள்ளவர் இறந்திருந்தால் 29, 30 படிவம் செல்லாது, வாரிசு வழியாக 31-ம் படிவம்தான் வரவேண்டும். இன்ஜினை ஆறவிட்டுக் கிக் அடித்துப் பாருங்கள். முடிந்தால் லீக் டெஸ்ட் கேளுங்கள்: இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, சில நிமிடம் முள் இறங்காமல் நின்றால் சீல் நல்லது. நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

நல்ல வண்டியே கிடைத்தாலும் செலவு தெரிந்து இறங்குங்கள். லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான் ஓடும். எக்ஸாஸ்ட் போர்ட் மூடுவதற்குள் புதுக் கலவையில் கொஞ்சம் எரியாமலே வெளியே போய்விடும். புகையும் செலவும் அதனால்தான், மாசு விதிகள் இறுகியதும் இந்த இனமே தயாரிப்பிலிருந்து போனதும் அதனால்தான். அசல் பிஸ்டன், கிராங்க் கிடைப்பது கஷ்டம். போலி நிறைய.

என் புகாரைப் போலீஸ் பதிவு செய்துவிட்டது. ஏமாற்றுதலுக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. வண்டி அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. அவர் தொழிலாகவே வண்டி விற்பவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட்டாகவேண்டும். என் பணத்தில் பெரும்பகுதி வங்கி வழியாகப் போனதால் ஆதாரம் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் போட்ட வளவில், பித்தளை அண்டா பக்கத்தில் நிற்கும் ஆர்எக்ஸ் 100 படத்தைப் பார்த்து யாராவது வண்டி வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். சேசிஸ் நம்பர் படம், பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். ஆச்சியின் வாக்குமூலம் உங்கள் வழக்குக்கும் உதவும்.