மேட்டுப்பாளையம்–உதகை சிமுலேட்டர் தடம்: கைகாட்டியும் பல்சட்டமும்

கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் ஓப்பன் ரெயில்ஸ் என்னும் சிமுலேட்டர் மென்பொருளுக்காக ஆர்வலர் ஒருவர் தம் பெயரைக்கூட வெளியிடாமல் இலவசமாகப் பகிர்ந்துள்ள மேட்டுப்பாளையம்–உதகமண்டலம் தடத்தை இரண்டு மாதங்களாக ஓட்டி வருகிறேன். 2001-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்கென்று அமைக்கப்பட்ட தடங்களையும் இந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். எஞ்சினைப் பற்றியும் பெட்டிகளைப் பற்றியும் பிறர் எழுதுவார்கள் என்பதால், தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் பொருள்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் இடையே ஓடும் பாதையைத் தினமும் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்க்கிற எனக்கு, ஒரு பலகை இடம் மாறி நின்றாலும் அது நம் பாதையாகத் தோன்றுவதில்லை.

முதலில் மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது பல்சட்டத்தை. கல்லாறு தாண்டியதும் தொடங்கிக் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே செல்லும் ஆப்ட் முறைச் சட்டத்தில், பற்கள் கொண்ட இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே இருக்கும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்துக்கு நேராக அடுத்த பட்டையில் இடைவெளி இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடி நழுவாமல் ஏறுவதற்காகவே இந்த மாற்று வரிசை. நான் முன்பு பணம் கொடுத்து வாங்கிய வேறொரு மலைத் தடத்தில், நடுவே ஒரு சாம்பல் நிறப் பட்டையை ஒட்டி அதில் பற்களைப் படமாக வரைந்திருந்தார்கள். சற்றே குனிந்து பார்த்தால் எல்லாம் தட்டையாகிவிடும். இங்கே ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக எழும்பி நிற்கிறது, இரண்டு பட்டைகளும் மாறிமாறி அமைந்திருக்கின்றன, பல்லின் முகம் தேய்ந்து மினுங்குகிறது, அடியில் மசகு படிந்து கறுத்திருக்கிறது. கல்லாற்றில் பல்சட்டம் தொடங்கும் இடத்தில், பல்சக்கரம் மெல்லச் சென்று பொருந்துவதற்கான நுழைவுத் துண்டையும் தடத்தைச் செய்தவர் விட்டுவிடவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் ரயிலை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலேறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுவதால், ஓட்டுநர் அறையிலிருந்து பார்ப்பவருக்கு முன்னே தெரிவது பெட்டியின் முதுகுதான். வழியைப் பார்ப்பவர் முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். ஆகவே தடமோரப் பொருள்களின் தரத்தை அவர் நிற்கும் இடத்திலிருந்தே அளக்க வேண்டும். இந்தத் தடத்தில் அந்த இடத்துக்கென்றே தனிக் காட்சிக் கோணம் ஒன்று வைத்திருப்பது, செய்தவர் இந்த ரயிலை அறிந்தவர் என்பதற்குச் சான்று.

கை போன்ற பலகையால் வழி காட்டும் பழைய சிக்னலான கைகாட்டி மரத்துக்கு வருகிறேன். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக வெளிநாட்டுத் தொகுப்புகளிலிருந்து மேல்நோக்கி எழும் கைகாட்டிகளை எடுத்து நட்டுவிடுவது பல இந்தியத் தடங்களில் காணும் பிழை. நம் ஊரில் பெரியவர்கள் "கைகாட்டி இறங்கிருச்சு, வண்டி வரப்போகுது" என்றுதான் சொல்வார்கள். பழைய மீட்டர்கேஜ் பாதைகளில் கை கீழே சாய்ந்தால்தான் வழி என்பதை அந்தப் பேச்சே காட்டிக்கொடுக்கும். இங்கே கை சரியாகவே இறங்குகிறது, கிடையாக நிற்கும்போது சிவப்பின் மேல் வெள்ளைப் பட்டையும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கையை இழுக்கும் கம்பியைக் காணோம். நெம்புகோல் இருக்கும் இடத்திலிருந்து கைகாட்டி வரை, தரையோடு ஒட்டிய சிறு முளைகளில் கப்பி மேல் ஓடும் அந்தக் கம்பி இல்லாவிட்டால் கைகாட்டி வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இரவில் தெரியும் பச்சை விளக்கும் பொருந்தவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சளாக இருப்பதால், அதன் முன் நீலம் கலந்த கண்ணாடியை வைத்தால்தான் தொலைவிலிருந்து பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை மங்கலாக, சற்றே நடுங்குவதுபோல இருக்கும். இங்கே எரிவது கடைத்தெரு எல்இடி பல்பின் பச்சை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த குறை வேறு. இந்தப் பாதையின் கடுமையான ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது 12.28 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு. தடத்தோடு சேர்த்துத் தானாகக் கம்பங்களை ஊன்றும் வசதியைப் பயன்படுத்தினால், கம்பம் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக நிற்குமே தவிர, பூமிக்குச் செங்குத்தாக நிற்காது. சமவெளியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இங்கேயோ அந்தக் கடுமையான ஏற்றத்தில் ஒவ்வொரு கம்பமும் நாலரைப் பாகைக்கு மேல் சாய்கிறது. 6 மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சி ஏறத்தாழ அரை மீட்டர் விலகிப் போகிறது. அடர்லி முதல் ஹில்குரோவ் வரை தந்திக் கம்பங்கள், கிலோமீட்டர் கற்கள், ஏற்றத்தைக் காட்டும் பலகைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ரயில் ஏறுவதே தெரியவில்லை. ஏற்றத்தின் உணர்வு முழுவதும், நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கும் சாய்ந்து செல்லும் தண்டவாளத்துக்கும் இடையிலான கோணத்தில்தான் இருக்கிறது. பல்சட்டத்துக்கு அத்தனை உழைப்பைக் கொடுத்தவர் இதைக் கவனித்திருந்தால், அந்தப் பல்சட்டம் எதற்காக அங்கே இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தானாகவே விளங்கியிருக்கும்.

நிலையப் பெயர்ப்பலகைகளில் மஞ்சள் பின்னணியும் கறுப்பு எழுத்தும் சரி, கடல்மட்டத்துக்கு மேல் உள்ள உயரத்தையும் எழுதியிருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் என்று பார்த்துவிட்டு உதகையில் 2,203 மீட்டர் என்று பார்ப்பது இந்தப் பயணத்தின் தனி மகிழ்ச்சி. தமிழ் எழுத்துதான் சிதைந்திருக்கிறது. "மேட்டுப்பாளையம்" என்பதில் இரட்டைக் கொம்பு 'ம'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. பழைய படத்தொகுப்பு மென்பொருளில் தமிழைத் தட்டினால் நேரும் பிழை இது; எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேறொரு மென்பொருளில் எழுதிப் படமாக்கி ஒட்டினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேத்தி, லவ்டேல் பலகைகளில் இக்குறை இல்லை.

குகைகள் பதினாறும் இருக்கின்றன, வாயில் கற்களில் பாசியும் உண்டு. ஹில்குரோவில் தண்ணீர்த் தூணின் கை தண்டவாளத்துக்குக் குறுக்கே நீட்டியபடியே நிற்பதால் எஞ்சின் அதை ஊடுருவிச் செல்கிறது. தண்ணீர் பிடித்ததும் அந்தக் கையைப் பாதையிலிருந்து விலக்கித் திருப்பிவிடுவதுதான் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து அடிக்கடி ரயில் நின்றுபோகும் கல்லாறு–குன்னூர்ச் சரிவில் தடுப்புச் சுவர்களும் வடிகால்களும் இன்னும் அதிகம் வேண்டும். இப்போதுள்ள சுவர்கள் நேற்றுக் கட்டியவைபோல வெளுத்திருக்கின்றன.

இத்தனை சொன்ன பிறகும், நீலகிரி ரயிலை விரும்பும் எவரும் இதைத் தயங்காமல் பதிவிறக்கலாம்; நான் அறிந்த மலைத் தடங்களில் பல்சட்டத்தை இவ்வளவு மதிப்போடு செய்தது இதுவே. டி.எஸ்.ஆர்.இ. என்னும் இலவசத் தட எடிட்டரில் கம்பங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கியிருக்கிறேன். கல்லாற்றிலிருந்து அடர்லி வரை முடிந்துவிட்டது. தடத்தைச் செய்தவருக்கே அந்தக் கோப்பை அனுப்பிவைத்தேன், அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார். அடர்லிக்கு மேலே குன்னூர் வரை உள்ள கம்பங்கள் இன்னும் சாய்ந்தே நிற்கின்றன.