திருமுருகன்பூண்டி கல் பட்டறை: எங்க அமுச்சி கல்லறைக்குக் கல் செய்த அனுபவம்

கல்லறைக்குக் கல் செய்ய எங்கே போவது என்று தேடுகிற குடும்பங்கள் நம்ம கொங்குப் பக்கம் நிறையவே இருக்கும், அதனால் எங்க அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, கல் செய்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற ரோட்டில் திருமுருகன்பூண்டி வந்துவிட்டால் இரண்டு பக்கமும் உளிச் சத்தம்தான். பிள்ளையாரும் நந்தியும் பாதி முடிந்த நிலையில் வாசலில் கிடக்கிற அந்தப் பட்டறைகளில் சிலுவைக் கல்லும் செய்வார்கள் என்பது எங்கள் பங்குக் கோயிலிலேயே பல பேருக்குத் தெரியவில்லை. இந்தப் பட்டறையில் செய்கிறார்கள். தாராளமாக நம்பிப் போகலாம்.

ஏன் இவ்வளவு தூரம் போனோம் என்றால், அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கல்லறைக்கு டவுனில் ஒரு கடையில் பளபளவென்று கருப்புக் கல்லில் எழுத்து போட்டு வாங்கி வைத்தோம். ஸ்டிக்கர் ஒட்டி மேலாக்கில் சுரண்டி, அதில் தங்கக் கலர் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாலு மழைக்கு அந்தப் பெயிண்ட் உரிந்துவிட்டது, இப்போது அவர் பெயரைக் கையால் தடவித்தான் படிக்க வேண்டும். அமுச்சி ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அங்கே நின்று "பேரு கூட நிக்கலியே" என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டது. அமுச்சிக்கும் அப்படி ஆகக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தார்.

இங்கே ஸ்தபதி அளவையும் விலையையும் பேசுவதற்கு முன்னாடியே, "உங்க அம்மா என்ன பண்ணுவாங்க, அதைச் சொல்லுங்க" என்றார். மாமாக்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எதைச் சொல்வது?

கருமத்தம்பட்டிதான் எங்களுக்குத் தாய்க் கோயில். 1886-ல் கோவை மறைமாவட்டம் ஆவதற்கு முன்னாடியே பிரெசியாக் ஆண்டகை என்ற பிரெஞ்சு ஆயர் வந்து தங்கியிருந்த ஊர் அது, அந்தப் பெருமையை அமுச்சி பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லியே வளர்த்தது. அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதா தேருக்குக் காய்ச்சல் என்றாலும் நிற்காது. அப்பிச்சி போன பிறகு எருமைப் பாலை நம்பி ஐந்து பிள்ளைகளை வளர்த்தது, இருட்டோடு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு அப்படியே காலைப் பூசைக்குப் போய்விடும். பீடத்துத் துணி எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும், கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிப் போகும், அதில் எங்கள் யாரையும் கை வைக்க விடாது. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்துகொள்ளும், விடிய விடியப் பிரேதத்துப் பக்கத்தில் 53 மணி ஜெபமாலை சொல்லும், காலையில் எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்காது. வேற்று மதத்துக்காரர் வீடாக இருந்தால் சத்தம் வராமல் மணியை மட்டும் உருட்டும்.

பாகம் பிரித்த வருஷம் மாமாக்கள் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுச்சி அரிசி பருப்பு சாதம் ஆக்கி இறக்கி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட வைத்து, முழு 53-ம் அவர்களையே மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தது. அருள் நிறைந்த மரியே பாதியை ஒருத்தர் சொன்னால் மீதியை அடுத்தவர் சொல்லித்தானே ஆக வேண்டும்! அதற்கப்புறம்தான் தட்டு வந்தது. பெரிய மாமா இதை ஸ்தபதியிடம் சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஸ்தபதி அமுச்சியின் ஜெபமாலையைக் கொண்டுவரச் சொன்னார். மர மணி, நூல் அறுந்து அறுந்து மீன் நரம்பில் கோத்தது. பிடித்துப் பிடித்து மணிகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கல்லின் ஓரத்தைச் சுற்றி மாலையாகவே கொத்தித் தருகிறேன் என்றார். சாக்பீஸில் வரைந்ததை அம்மா எண்ணிப் பார்த்தால் மணி குறைந்தது. அருள் நிறைந்த மரியேக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6, ஆக 59 வர வேண்டும் என்று அம்மா சொன்னதும், முகம் சுளிக்காமல் முழுசையும் அழித்து மறுபடி வரைந்தார். இப்போது கல்லில் 59 மணியும் சுண்டைக்காய் அளவில் தனித்தனியாக இருக்கிறது, பரலோக மந்திர மணிக்கு இடைவெளி கூட விட்டிருக்கிறார். கோயில் வேலை பார்த்த கை என்பது அதிலேயே தெரிகிறது.

எழுத்து முழுக்க உளியால் வெட்டுவதுதான். இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கூடுகிற மாதிரி ஆழமாக இறக்குகிறார். வெயில் சாய்வாக விழுந்தால் அந்தப் பள்ளத்தின் நிழலே எழுத்தைக் காட்டிவிடும், பெயிண்டே வேண்டாம். எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அப்படியிருந்தும், பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் வரவேண்டும் என்று சின்ன மாமா கேட்டபோது, "எழுத்து கூடக்கூடப் பொடிசாயிருமுங்க, அம்மா பேரு பெருசா நிக்கட்டும்" என்று அவரே தடுத்தார். வருமானத்தை விட்டுவிட்டு அப்படிச் சொல்கிற ஆள் அபூர்வம். கடைசியில் பெயர், வருஷம், "எங்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குக் கொடுக்கவில்லை. வேலை நடக்கும்போது போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் மந்திரிக்க வருவதற்குள் கல் வந்துவிடுமா என்று வீட்டில் எல்லாருக்கும் பதற்றம். கடைசி நேரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடியில் போடுகிற பெட் கான்கிரீட் அவர்கள் வேலை இல்லை, கொத்தனாரை நாம்தான் பிடிக்க வேண்டும், இதை அவர்கள் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். வண்டி வாடகையும் தனி. எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயை ஒட்டி வந்தது. டவுன் கடையை விடக் கூடத்தான், ஆனால் கொடுத்ததில் எங்கள் யாருக்கும் வருத்தமில்லை.

போகிறவர்களுக்கு: அடக்கம் முடிந்த கையோடு கல் வைக்க அவசரப்படாதீர்கள், ஒரு மழைக்காலம் போனால்தான் மண் இறங்கி நிலைக்கும், இல்லையென்றால் கல் சாய்ந்துவிடும். பங்கில் முதலில் அளவு கேட்டுக்கொண்டு போங்கள். நவம்பருக்கு வேண்டும் என்றால் ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள், ஐப்பசி நெருக்கத்தில் போனால் கிடைக்காது. எழுத வேண்டியதைக் கையால் எழுதிக் கொடுத்து, சாக்பீஸில் வரைந்த பிறகு வீட்டில் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிப்போய்ப் படிக்க வையுங்கள், உளி இறங்கிவிட்டால் திருத்த முடியாது.