மைக்ரோ ஏடிஎக்ஸா, மினி ஐடிஎக்ஸா? எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும் என்று முதலில் எண்ணுங்கள்

என் மேசைக் கணினியில் மூன்று வருடமாக இருந்தது மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டி அளவு மதர்போர்டு, அதாவது மற்ற எல்லா பாகமும் வந்து உட்காரும் பலகை. போன மாதம் அதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய அளவான மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு மாறினேன். பழைய போர்டு கெட்டுப்போகவில்லை, வேகமும் குறையவில்லை. இரண்டு செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பேட்டரிதான் காரணம்.

காலையில் கணினியைப் போட்டால் கடிகாரம் ஏதோ பழைய தேதியைக் காட்டும். தேதி தப்பாக இருப்பதால் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மிரட்டும். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருளில், நான் மாற்றி வைத்திருந்த ரேம் வேகம், ஃபேன் அமைப்பு எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். இரவில் சுவரில் உள்ள ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எனக்கு. அப்படி அணைத்தால் பயாஸ் கடிகாரம் முழுக்க போர்டில் உள்ள அந்த வட்டமான சிஆர்2032 பேட்டரியை நம்பித்தான் ஓடும். அது தீர்ந்துவிட்டது. புதிது வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேபினட்டைத் திறந்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அளவு விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான், சட்டென்று தாண்டிவிடலாம். ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், 1995இல் இன்டெல் கொண்டுவந்தது. மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244, 1997இல் வந்தது. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170, 2001இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. முழு ஏடிஎக்ஸை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிராபிக்ஸ் கார்டும் இரண்டு எஸ்எஸ்டியும் மட்டும் வைத்திருக்கிறவனுக்கு ஏழு ஸ்லாட் நீளத்துக்குப் போர்டு எதற்கு?

வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அதே சாக்கெட், அதே சிப்செட், அதே ப்ராசஸர் என்றால் போர்டின் நீள அகலம் வேகத்தைத் தொடாது. ஐடிஎக்ஸில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், மைக்ரோவில் பெரும்பாலும் நான்கு என்று ஒரு குறை சொல்வார்கள். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் வந்த பிறகு அதுவும் பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 ப்ராசஸர் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரேம் போட்டால் 5200 வேகம் வரை ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்கிறது, நான்கு போட்டால் 3600தான். நான்கு ஸ்லாட் இருந்தாலும் நான் இரண்டில்தான் போடுவேன், அதுவும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும். போர்டில் அவற்றுக்குப் பக்கத்தில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்.

பொருத்துகிற நாளைப் பொறுத்தவரை ஐடிஎக்ஸ் ஒன்றும் கொடுமையாக இல்லை. சொல்லப்போனால் சந்தோஷமான வேலை. போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் நான்கையும் வெளியிலேயே மாட்டிவிட வேண்டும். உள்ளே போனால் கை நுழையாது. ப்ராசஸருக்கான 8 பின் கேபிளை மட்டும் முதலிலேயே மேல் மூலை வழியாக இழுத்து வைத்துவிட்டுத்தான் போர்டை இறக்க வேண்டும். கூலர் வந்து உட்கார்ந்த பிறகு அந்த மூலையை எந்த விரலாலும் எட்ட முடியாது. நான்கே நான்கு ஸ்க்ரூ, போர்டு நின்றுவிடும். முடித்துவிட்டுப் பார்த்தால் நிஜமாகவே அழகாக இருக்கும்.

மைக்ரோ ஏடிஎக்ஸில் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை வேறு. கேபினட்டில் ஸ்டாண்ட்ஆஃப் எனப்படும் பித்தளைத் தூண்கள் ஏடிஎக்ஸ் அளவுக்குப் போட்டே வந்திருக்கும். உங்கள் போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு தூண் நின்றால், அது போர்டின் பின்பக்கச் சாலிடர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. போர்டை இறக்கும் முன் ஓட்டைகளை எண்ணி, தேவையில்லாத தூணைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, எல்லா மைக்ரோ போர்டும் முழு 244 அகலம் வருவதில்லை. சிக்கனமான மாடல்கள் ஒடுக்கமாக இருக்கும், வலது ஓரத்துக்கு அடியில் தூணே இருக்காது. போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளைச் செருகும் இடமும் அந்த ஓரத்தில்தான். அழுத்தினால் போர்டு பலகை மாதிரி வளையும். இடது கை விரல் இரண்டை ஓரத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலது கையால் க்ளிக் சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். முதல் தடவை எனக்குத் தெரியாது. போர்டு வளைந்ததைப் பார்த்து மூச்சே நின்றுவிட்டது.

ஆக, பொருத்துகிற அன்று இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆனால் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தூசி தட்ட, எஸ்எஸ்டி மாற்ற, பேட்டரி மாற்ற என்று திறந்துகொண்டே இருப்போம். வாங்கும்போது இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை.

இப்போது அந்தப் பேட்டரிக்கு வருவோம். மைக்ரோ போர்டில் அது படுத்த வாக்கில் ஒரு குழிக்குள் இருக்கும். ஓரத்தில் உள்ள உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் துள்ளி எழும்பும். 170 மில்லிமீட்டர் சதுரத்தில் அந்தக் குழிக்கும் இடம் இல்லை. அதனால் பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் பேட்டரியைக் கருப்பு உறையில் சுற்றி, சிவப்பும் கருப்புமாக இரண்டு வயர் வைத்து, பின்பக்க யூஎஸ்பி போர்ட்டுகளை ஒட்டிச் செங்குத்தாகப் பசைநாடாவால் ஒட்டியிருப்பார்கள். என்னுடையதும் அப்படித்தான். அந்த வயரின் குட்டி ப்ளக்கை எட்ட நான் கழற்றியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கிராபிக்ஸ் கார்டு. பவர் கேபிளை உருவி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை அழுத்த வேண்டும். அந்தப் பூட்டு கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. கார்டுக்கும், மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நடுவில் என் விரல் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்ப நினைத்து நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். அது வழுக்கினால் போர்டின் மேலுள்ள செம்புக் கோடுகள் போய்விடும். கடைசியில் பழைய பல்துலக்கும் பிரஷின் பின்முனைதான் கைகொடுத்தது. அடுத்து எஸ்எம்பிஎஸ். என் கேபினட்டில் அது போர்டுக்கு நேர் எதிரே தொங்கும், அதனால் நான்கு ஸ்க்ரூ, 24 பின், 8 பின் எல்லாம் வெளியே. அப்புறம் கூலரின் ஃபேன். அதன் பிறகுதான் ப்ளக் கண்ணுக்கே தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன்.

கடையில் வாங்கி வைத்திருந்த சாதா சிஆர்2032 அங்கே உதவாது என்பது அப்போதுதான் புரிந்தது. வயர்கள் பேட்டரியோடு வெல்டு செய்யப்பட்டவை. அதை நாமே சாலிடர் செய்வது வேண்டாத விபரீதம், லித்தியம் செல் சூடு தாங்காது. அதே மாதிரி வயரும் ப்ளக்கும் உள்ள பேட்டரியைத் தேடிப் பிடித்து வரவழைக்கும் வரை கணினி பிரிந்தபடியே மேசை மேல் கிடந்தது. மூன்று வோல்ட் பேட்டரி ஒன்றுக்காக.

இதே வேலையைப் புதிய மைக்ரோ போர்டில் ஒத்திகை பார்த்தேன். நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அதிலும் பேட்டரி கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் கார்டை மட்டும் எடுத்தால் போதும், பூட்டை அழுத்த விரல் தாராளமாகப் போகிறது. கூலரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தொடவே வேண்டாம். பேட்டரியோ எங்கும் கிடைக்கும் சாதா பேட்டரி.

பேட்டரியாவது எப்போதோ ஒருமுறை. எஸ்எஸ்டி அப்படி இல்லை, இடம் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி பொதுவாக 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். ஐடிஎக்ஸில் முதல் எம்.2 ஸ்லாட்டை எப்படியோ முன்பக்கம் திணித்துவிடுகிறார்கள். இரண்டாவது பல போர்டுகளில் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. கேபினட்டின் பின் தகட்டில் அந்த இடத்தில் திறப்பு இருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் போர்டையே வெளியே எடுக்க வேண்டும். போர்டை எடுப்பது என்றால் முன்பக்கப் பவர் ஸ்விட்சின் பொடி வயர்கள் உட்பட எல்லாம் கழன்று வரும். பவர் ஸ்விட்ச் வயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், விளக்கு வயருக்கு மட்டும்தான் பிளஸ் மைனஸ் உண்டு என்பதை இப்படிப் போட்டுக் கழற்றியே மனப்பாடம் செய்தவன் நான்.

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும்போது இன்னொரு தொல்லை. எதைத் தொட்டோமோ அதில் புதுப் பிரச்சினை முளைக்கும். பேட்டரி மாற்றி முடித்து ஆன் செய்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டின் ஓரத்தில் ரேமில் கோளாறு என்று காட்டும் டிரேம் என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூலர் ஃபேனை எடுத்தபோது ரேமில் இடித்திருக்கிறேன், ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் எழும்பி நின்றது. அதை அழுத்தி உட்கார வைக்க மறுபடியும் ஃபேன், மறுபடியும் கார்டு.

இதனால்தான் போர்டு வாங்கும் முன் ஒரு கணக்குப் போடச் சொல்கிறேன். தயாரிப்பாளரின் தளத்தில் போர்டின் கையேடு கிடைக்கும், படத்தோடு. அதில் பேட்டரி, இரண்டாவது எம்.2, ரேம் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் எட்ட எத்தனை பாகத்தை அகற்ற வேண்டும் என்று எண்ணுங்கள். என் பழைய போர்டில் பேட்டரிக்கு மூன்று, இரண்டாவது எம்.2வுக்கு ஏறக்குறைய எல்லாமே. புதியதில் இரண்டுக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். இந்த ஒரு எண்ணுக்காகவே மைக்ரோவை எடுத்தேன்.

பயாஸ் வேலையில் இரண்டுக்கும் பேதமில்லை, ஆனாலும் போர்டு மாற்றுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. விண்டோஸில் டிரைவ் குறியாக்கம் ஓடிக்கொண்டிருந்தால், பழைய போர்டைக் கழற்றும் முன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டது, டிபிஎம் போர்டோடும் ப்ராசஸரோடும் போய்விடும். எழுதாமல் மாற்றினால் உங்கள் டிரைவ் உங்களையே யார் என்று கேட்கும். அப்புறம், டிடிஆர்5 போர்டை முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கலாம். போர்டு அப்போது ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் நடுவில் அணைக்காதீர்கள். நான் முதல் தடவை அணைத்தேன், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஐடிஎக்ஸுக்கும் ஆள் உண்டு. கணினியைப் பையில் போட்டு ஊர் ஊராகத் தூக்கிச் செல்கிறவர், மேசையில் ஒரு சாண் இடம்கூடத் தர முடியாதவர் இருவருக்கும் மைக்ரோ ஆகாது. போர்டு மைக்ரோ என்றால் கேபினட்டும் அதற்கேற்ப வளரத்தான் செய்யும். என் புதிய கேபினட் மேசைக்குக் கீழே போய்விட்டது, யூஎஸ்பி குத்தக் குனிய வேண்டியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டை ரைசர் கேபிள் எனும் நீட்டிப்பு வயர் வழியாகப் போர்டுக்கு முதுகுப்பக்கம் கொண்டுபோகும் கேபினட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் போர்டின் முன்பக்கம் திறந்தே இருப்பதால் என் புலம்பலில் பாதி அங்கே பொருந்தாமல் போகலாம். நான் குடைந்தது ஒரே ஒரு ஐடிஎக்ஸ் கேபினட்டைத்தான், அதை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பழைய ஐடிஎக்ஸ் போர்டை விற்கவில்லை. சாதாரண கூலர் போட்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், வீட்டிலுள்ள புகைப்படங்களைச் சேமிக்கும் பெட்டியாக மாற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். கார்டு இல்லாததால் பேட்டரி வயர் திறந்தவுடன் கண்ணில் படுகிறது. இரண்டே விரல் போதும்.